கமனி கொரயாவும் வருங்காலக் கணக்கும்

பாடசாலைச் சேர்வு இடாப்பைப் புரட்டும் ஆசிரியன் தன்னையறியாமலே வருங்காலம் உரைப்பவன் ஆகின்றான். இவ்வாண்டு முதலாம் வகுப்பிற் சேரும் பிள்ளைகளின் தொகை தெரிந்தால், 11 ஆண்டுகளின் பின் உயர்தர வகுப்புக்கு எத்தனை வாங்குகள் வேண்டும், அதன்பின் எத்தனை பேர் தொழில் தேடித் துறைமுக வாயிலில் நிற்பர் என்பன ஏறக்குறையப் புலனாகும். இது சோதிடமன்று, பிறந்துவிட்டவரை எண்ணும் கணக்கு. ஒரு நாட்டின் நெடுங்கால அபிவிருத்திக் கணிப்பும் இதன் விரிவேயாம்.

இத்துறையில் வாழ்நாளைச் செலவிட்ட இலங்கையர் கலாநிதி கமனி கொரயா (1925–2013). கேம்பிறிட்ஜிலும் ஒக்ஸ்போட்டிலும் பொருளியல் கற்று மீண்ட அவர், திட்டமிடற் செயலகத்திற் பணியாற்றி, 1959 இல் வெளிவந்த பத்தாண்டுத் திட்டத்தை உருவாக்குவதில் முன்னின்றார். அக்காலத்தில் நாட்டின் நிலை யாது? மலேரியாக் கட்டுப்பாட்டாலும் சுகாதாரப் பணிகளாலும், 1946 இல் ஆயிரவர்க்கு 20 ஆகவிருந்த இறப்பு மறுவாண்டே 14 ஆகக் குறைந்தது, பிறப்போ குறைந்திலது. 1953 இல் 81 இலட்சமாயிருந்த குடித்தொகை 1963 இல் 105 இலட்சத்தைத் தாண்டிற்று. தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று மட்டும் இத்துணைப் பேருக்கும் தொழில் தரமாட்டா. ஆதலிற் கைத்தொழில் வளரவேண்டும் என்பதே திட்டத்தின் துணிபு.

திட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1947 இற் பிறந்த குழவி 1971 இல் 24 வயது இளைஞன். அவ்வாண்டு ஏப்பிரலிற் படித்தும் வேலையற்ற இளைஞர் பலர் ஆயுதமேந்திக் கிளர்ந்தனர். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் அவற்றுள் ஒன்று முன்னரே எண்ணிக் காட்டப்பட்டிருந்தது.

குடித்தொகை மெல்ல மாறுவது. சந்தை விலையோ சடுதியில் மாறுவது. ஏற்றுமதி விலை வீழ்ந்தால் எத்திட்டமும் நிலைகுலையும். கொரயாவின் ஒக்ஸ்போட் ஆய்வு, ஏற்றுமதியை நம்பிய பொருளாதாரத்தின் நிலையாமை பற்றியதே. 1974 முதல் 1984 வரை ஐக்கிய நாடுகள் வணிக அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக விளங்கியபோது, தாய்நாட்டிற் கற்ற பாடத்தை ஆபிரிக்காவுக்கும் பயன்படுத்தினார். செம்பை நம்பிய சாம்பியாவும் கொக்கோவை நம்பிய கானாவும் தேயிலையை நம்பிய நம்மைப் போன்றே விலையலையில் அல்லலுற்றன. பண்ட விலைகளை நிலைப்படுத்தும் ஒருங்கிணைந்த திட்டம் 1976 இல் நைரோபி மாநாட்டில் ஏற்கப்பட்டது. அதற்குரிய பொது நிதிய உடன்படிக்கை 1980 இல் நிறைவேறினும், 1989 இலேயே நடைமுறைக்கு வந்தது; நிதியமும் எண்ணிய அளவிற் பெரிதாய் அமைந்திலது.

எனவே, கணிப்பவன் கடன் எண்ணிச் சொல்லுதல். கேட்பவர் கடன் காலத்தே செய்தல். நம் திருகோணமலைத் துறைமுகத்தின் வருங்காலம் பற்றிப் பேசுவோர் பலர். மாணவர்களே, நீவிர் பேச்சோடு நில்லாது எண்ணவும் கற்பீராக. இடாப்பு நம் கையிலேயே இருக்கின்றது.