தியோமான் தீவுக்குப் போகிறீர்களா? அறைக்கு முன் படகைப் பதிவு செய்யுங்கள்

விடுமுறைக்குத் தியோமான் தீவுக்குச் செல்ல நினைக்கும் குடும்பங்கள் பலவும் முதலில் தங்கும் அறையைத்தான் பதிவு செய்கின்றன. ஆனால், அந்தப் பயணத்தின் நேரத்தை முடிவு செய்வது கடல்தான்.

தீவு பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. எனினும் பெரும்பாலோர் படகேறுவது ஜொகூரின் மெர்சிங் படகுத்துறையில். அது ஆற்று முகத்துவாரத்தில் இருப்பதால், நீர் வற்றும் வேளையில் பெரிய படகுகள் கடலுக்குள் போக முடியாது. அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். படகு டிக்கெட்டை உறுதி செய்த பிறகு அறையையும் பேருந்தையும் பதிவு செய்தால் பணம் வீணாகாது.

கோலாலம்பூர், ஜொகூர்பாரு நகரங்களிலிருந்து மெர்சிங்கிற்குப் பேருந்து உண்டு. சிங்கப்பூரிலிருந்து வருவோர் எல்லைச் சாவடி நெரிசலையும் கணக்கில் கொள்ள வேண்டும். குவாந்தான், ரொம்பின் பக்கத்தினருக்குத் தஞ்சோங் கெமோக் படகுத்துறை அருகில்.

கடலில் ஏறக்குறைய 2 மணி நேரப் பயணம். கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் ஆகிய மேற்குக்கரைக் கிராமங்களில் படகு நிற்கும். எல்லாக் கிராமங்களுக்கும் இடையே சாலை இல்லை. உங்கள் விடுதி இருக்கும் கிராமத்திலேயே இறங்குங்கள். கிழக்கே ஜுவாராவுக்குச் செல்வோர் தெக்கெக்கில் இறங்கி, மலைச்சாலையில் வண்டி பிடிக்க வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அலை உயர்ந்தால் படகு ரத்தாகலாம். விடுதிகள் சிலவும் மூடியிருக்கும். சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் செல்வோர் இம்மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

கடல் பூங்காக் கட்டணத்துக்குக் கையில் ரொக்கம் வைத்திருங்கள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள், ஞாயிற்றுக்கிழமையின் கடைசிப் படகை நம்பி இருக்க வேண்டாம்.