நாலு மணிக்கு நானும் என் ஆடுகளும்

"ஆட்டுக்குப் பின்னால அலையவா உன்னைய பத்தாங் கிளாஸ் வரைக்கும் படிக்க வச்சேன்?" ஊரிலிருந்து வரும்போதெல்லாம் என் அம்மா கேட்பது இது. நான் சிரித்துக்கொண்டே கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மாலை நாலு மணியாகிவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் ஊர் எங்களுடையது. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரே ஒரு சினையாடு வாங்கினோம். கன்னி ஆடு என்று எங்கள் தென் ஜில்லாக்களில் உள்ள ஜாதி. உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரைக்கும் இரண்டு வெள்ளைக் கோடு, நாமம் போட்ட மாதிரி. வறட்சியைத் தாங்கும், இரட்டைக் குட்டி சாதாரணமாகப் போடும். கருப்பாயி என்று பேர் வைத்தோம். இன்றைக்கு ஆறு உருப்படி. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. ஆறு என்றால் ஒவ்வொன்றின் குணமும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. "தினம் நடங்கம்மா" என்றார் டாக்டர். சொல்லிவிட்டார், எங்கே நடப்பது? கிராமத்தில் ஒரு பொம்பளை சும்மா கையை வீசிக்கொண்டு நடந்தால் நாலு பேர் கேட்பார்கள். ஆடு முன்னால் போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை!

அதுவும் என்ன நடை! மாடு மாதிரி குனிந்த தலை நிமிராமல் மேயாது ஆடு. இங்கே ஓர் இலந்தைக் கொழுந்து, அங்கே வேலிக்கருவேல் நெற்று, பின்னங்காலில் எழுந்து நின்று ஒரு வாய் வேப்பிலை. கசப்பென்றால் அப்படி ஓர் ஆசை. குட்டிகள் காரணமே இல்லாமல் நாலு காலும் தரையில் படாமல் பக்கவாட்டில் துள்ளும். பார்த்துக்கொண்டே ஓடைக்கரை வரை போய்விடுவேன். அங்கே குடைவேல மரத்தடியில் அவை படுத்து அசைபோடும்போது நானும் உட்காருவேன். அடுப்பு, துணி, மாமியார் மருந்து எதுவும் அந்த அரைமணிக்கு ஞாபகம் வராது.

கவனம் தப்பினால் கஷ்டம்தான். இரண்டாம் வருஷம், முதல் ஈத்துப் பெட்டைக்குட்டி வளர்ந்து நின்ற நேரம். வரப்பில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தேன், கால்மணி கூட இராது. மழையில்லாமல் வாடிக் கிடந்த இளஞ்சோளத்தில் புகுந்து மேய்ந்துவிட்டது. மூச்சு வாங்கித் தள்ளாடி, மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. இளஞ்சோளப் பயிரில், அதுவும் வாடிய பயிரில், சயனைடு விஷம் உண்டு என்று அப்புறம்தான் சொன்னார்கள். இன்றும் சோளக்காட்டைக் கண்டால் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

வளர்க்க நினைக்கும் சகோதரிகள் மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் உண்டு. அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். சினை ஐந்து மாதம். ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் குட்டிக்குச் சீம்பால் குடிக்க வைத்துவிட வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டுப்பால் நல்லதுதான், ஆனால் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது. மால்டா ஜுரம் வரும். ஒரு வயசாகாத பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்கவே வேண்டாம். அதில் ஃபோலிக் அமிலம் குறைவு, பிள்ளைக்கு ரத்தசோகை வந்துவிடும். அந்தக் காலத்தில் கொடுத்தார்களே என்று பாட்டிகள் சொன்னால், "சரி பாட்டி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

இனி, எழுதக் கை வராத விஷயம். ஊரில் கொடை நெருங்கினால் வியாபாரி வாசலில் வந்து நிற்பார். கிடாய்க்குட்டிகளை விற்றுத்தான் ஆக வேண்டும். போன வருஷம் மூத்த மகளின் ஹாஸ்டல் கட்டணம் அப்படித்தான் கட்டினோம். கிடாய்க்குப் பேர் வைக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம். சின்னவள் ரகசியமாக வைத்துவிடுகிறாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

கருப்பாயி இரண்டு நாள் கத்தினாள். மூன்றாம் நாள் மாலை ஓடைத் திருப்பத்தில், அந்தக் குட்டி எப்போதும் ஏறிக் குதிக்கும் பாறைகிட்டே வந்ததும், நின்று திரும்பிப் பார்த்தாள். நானும் நின்றேன். அவளாக நகருகிற வரைக்கும் கம்பைத் தூக்கவில்லை.