கமலா முன்னா, கனகா முன்னா?

ராமகுப்பம் பக்கம் பால் ஊற்றுகிறவர்களிடம் பால் பில்லைக் கொடுத்துப் பாருங்கள். தேதி, காலை மாலை, லிட்டர், கொழுப்பு, கொழுப்பல்லாத திடச்சத்து (எஸ்.என்.எஃப்.), விலை, தொகை என்று வரிசையாக விரலை ஓட்டி, எந்த வேளை குறைந்தது என்று நொடியில் சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கைக் கைப்பேசியில் பார்க்கும்படி வலைச்செயலி எழுதித் தருவது என் பிழைப்பு. குப்பம் பக்கத்துக்குத் தெலுங்கில், வாணியம்பாடி பக்கத்துக்குத் தமிழில்.

வலைப்பக்கத்தில் கட்டம் போடுவது பழைய வசதி. 1997இல் வந்த எச்.டி.எம்.எல். 3.2இலேயே அது இருக்கிறது. ஆனால் அது வெறும் அச்சுத்தாள். தலைப்பைத் தொட்டால் வரிசை மாற வேண்டும், பெயரைத் தட்டினால் ஆள் கிடைக்க வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொருவரும் புதிதாக எழுதாமலிருக்கத்தான் உதவி நிரல்கள். ஸ்காட்லாந்தின் ஆலன் ஜார்டைன் உருவாக்கிய டேட்டாடேபிள்ஸ் அவற்றில் பெயர்பெற்றது, இலவசம். கட்டத்தைக் காட்டி ஒரு வரி எழுதினால் தேடல் பெட்டி, பக்கம் பிரிப்பு, வரிசைப்படுத்தல் மூன்றும் வந்துவிடும்.

என் அக்கறை அந்த ஒரு வரிக்குப் பிறகு தொடங்குகிறது. எண்ணையும் எழுத்தாகவே கணினி எடுத்துக்கொண்டால் 10 முன்னால் வரும், 9 பின்னால் போகும். 01-02-2025 என்ற தேதி 31-01-2025க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழம். கமலா, கவிதா, கனகா என்பதுதான் நம் அகரவரிசை. ம, வ இரண்டுக்கும் பிறகு, கடைசியில்தான் ன. யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால் கனகா முதலில் வந்துவிடுவாள். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி குறியீட்டின் அடுக்கை யூனிகோடு பின்பற்றியதால் ன, ந-வை ஒட்டியும் ற, ர-வை ஒட்டியும் நிற்கின்றன. ஜ-வும் இப்படித்தான் ச-வை அடுத்து நிற்கிறது. ஜெயாவை வேலுவுக்குப் பின்னால் தேடுகிறவருக்கு அவள் சரோஜாவை அடுத்து இருப்பது தெரியாது. நீண்ட பட்டியலில் பெயர் விட்டுப்போயிற்று என்றே நினைப்பார்.

தீர்வு உலாவிக்குள்ளேயே இருக்கிறது. இன்டல் கொலேட்டர் என்ற வசதியிடம் மொழி தமிழ் என்று சொன்னால் நம் அகரவரிசைப்படி ஒப்பிட்டுத் தரும். அந்த ஒப்பீட்டை உதவி நிரலுக்குக் கொடுத்துவிட்டால் போதும். தமிழ்ப் பெயர்ப்பட்டியல் வெளியிடும் எல்லோரும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன்.

அடுத்தது திரை. ஏழு பத்திகள் சின்னக் கைப்பேசியில் அடங்காது. டேட்டாடேபிள்ஸின் துணை நிரல் ஒன்று, இடம் போதாதபோது வலப்பக்கப் பத்திகளை முதலில் மறைக்கும். பால் பில்லில் வலக்கோடியில் இருப்பது தொகை! எது மறையக் கூடாது என்று முன்னுரிமை எண் கொடுக்கலாம். நான் தொகைக்கும் கொழுப்புக்கும் முதலிடம் கொடுக்கிறேன். கொழுப்புப் பத்தி கண்ணில் படாவிட்டால், நேற்றைவிட இன்று ஏன் விலை குறைந்தது என்று பால் ஊற்றியவர் எதைக் காட்டிக் கேட்பார்?