மாயூரம் முன்சீப்பின் கீர்த்தனைகள்

சாந்தோமில் வாழும் நமக்கு இருவகை இசை பழக்கமானது. ஞாயிறுதோறும் புனித தோமையார் பேராலயத்தில் பாடற்குழுவின் கீதங்களைக் கேட்கிறோம். மார்கழி பிறந்தால் அருகிலுள்ள மயிலாப்பூர்ச் சபாக்களில் கர்நாடக இசைக் கச்சேரிகள் களைகட்டுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம்.

ஆண்டு விழாவுக்கு இறைவணக்கப் பாடல் தேர்ந்தெடுக்கும்போது எங்கள் வகுப்பில் ஒரு சிக்கல் எழுந்தது. கிறிஸ்தவர், இந்துக்கள், முஸ்லிம்கள் என எல்லாரும் படிக்கும் வகுப்பு அது. எந்தப் பாடலைச் சொன்னாலும் சிலருடைய வாய் மூடியே இருந்தது. அப்போது எங்கள் பாட்டு ஆசிரியை, "எல்லாரும் பாடுவதற்கென்றே ஒரு கத்தோலிக்கர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கீர்த்தனைகள் எழுதி வைத்திருக்கிறார்" என்றார். அவர்தாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

வேதநாயகர் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் தம்பதியரின் மகனாகப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் நன்கு கற்று, நீதிமன்றத்தில் பத்திரக் காவலராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாக நியமனம் பெற்றார். பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். மாயூரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாக வெளியிட்டார். சட்டம் தமிழ் மக்களுக்கும் விளங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அவர் பணியாற்றிய பகுதி இசை விளைந்த மண். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் சீர்காழியில் வாழ்ந்தவர்கள். 'நந்தனார் சரித்திரம்' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரோ மாயூரத்தில் வேதநாயகருடன் நெருங்கிப் பழகியவர். அத்தகைய சூழலில் வேதநாயகரும் கீர்த்தனைகள் இயற்றலானார். கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற உறுப்புகள் உண்டு. பல்லவியில் வரும் கருத்தைச் சரணங்கள் விரித்துரைக்கும். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி திரும்ப வரும். ஆதலால் கேட்பவர் மனத்தில் கருத்து எளிதில் பதிந்துவிடும்.

1878இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்'. பெயரே அதன் பொருளைச் சொல்லிவிடுகிறது. அவர் ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. தேவமாதாவைப் போற்றி அந்தாதி பாடியவர். ஆயினும் இக்கீர்த்தனைகளில், எச்சமயத்தவரும் தம் கடவுளை நினைத்துப் பாடும் வண்ணம் இறைவனைப் பொதுவாகவே அழைத்தார். இறைவன் புகழோடு அவர் நிற்கவில்லை. லஞ்சம் வாங்குவோரையும் நேர்மை தவறும் அதிகாரிகளையும் கண்டித்தார். நீதிபதியாகப் பணியாற்றிய ஒருவர் அவ்வாறு பாட எவ்வளவு துணிவு வேண்டும்!

அவருடைய சமரசம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. வேதநாயகர் பஞ்சம் நீங்க வேண்டி இறைவனிடம் முறையிட்டுப் பாடினார். தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சியும் வார்த்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சைவப் பெரும்புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது 'குளத்துக் கோவை' இயற்றினார். சிவனைப் பாடிய நாவுகள் ஒரு கிறிஸ்தவரைப் பாடின என்றால், அந்த நட்பின் உயர்வை என்னென்பது!

மாணவிகளாகிய நாம் அவருக்கு மற்றொரு கடனும் பட்டிருக்கிறோம். பெண்கள் எழுதப் படிக்கத் தேவையில்லை என்று பலர் கருதிய காலத்தில், பெண்களுக்காகவே 'பெண்மதி மாலை' என்ற நூலை எழுதினார். பெண் கல்வியை வலியுறுத்தினார். 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் என்ற அறிவிற் சிறந்த பெண்ணைப் படைத்துக் காட்டினார். 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

எங்கள் விழாவில் அவருடைய கீர்த்தனையையே பாடினோம். ஒத்திகையில் சுருதி பலமுறை தப்பியது, தாளமும் தடுமாறியது. ஆனால் ஒருவர் வாயும் மூடியிருக்கவில்லை. நம் விசுவாசத்தை விடாமலே பிறரோடு சேர்ந்து பாட முடியும் என்பதை அன்று நாங்கள் கற்றோம். சபாவும் பேராலயமும் வெவ்வேறு உலகங்கள் என்று இனி நாம் சொல்ல மாட்டோம்.