குணத்துக்கு ஏற்ற விற்பனை: முந்திரித் தொழிலில் கூடுதல் வருவாய்

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் சாலையில் அமைந்துள்ளது காடாம்புலியூர். முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் பெற்ற வட்டாரம் இது. முந்திரிக் கொட்டையைக் காய வைத்து, உடைத்து, தோலுரித்துப் பருப்பாக்கும் சிறு தொழிலை நம்பி இங்கு பல குடும்பங்கள் உள்ளன. பெண்களின் கையுழைப்பே இத்தொழிலின் முதுகெலும்பு.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்த 'தானே' புயலில் இப்பகுதியின் முந்திரி, பலா மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. சொந்தத் தோப்புக் கொட்டையை இழந்தவர்கள் கொட்டையை விலைக்கு வாங்கியே தொழில் நடத்த வேண்டியதாயிற்று. 80 கிலோ எடையுள்ள ஒரு மூட்டைக் கொட்டையிலிருந்து சுமார் 20 கிலோ பருப்பே கிடைக்கும். கொட்டை விலையும் கூலியும் போக, கையில் நிற்பது என்ன என்பதை விற்பனைதான் முடிவு செய்கிறது.

ஆனால், பருப்பை உடைப்பதில் காட்டும் திறமையைப் பலர் விற்பதில் காட்டுவதில்லை. வீடு தேடி வரும் வியாபாரி சொன்ன விலைக்கே மொத்தப் பருப்பையும் கொடுத்து விடுகிறார்கள். "நமக்குப் பேசி விற்க வராது" என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். பேச்சு மட்டுமே விற்பனை அல்ல. அளவு, தரம், தவறாத நாள், எழுதி ஒட்டிய விலை ஆகியவையும் பொருளை விற்றுத் தரும். அவரவர் குணத்துக்குப் பொருந்தும் வழியைத் தேர்ந்து கொண்டால், கூச்ச சுபாவம் உள்ளவரும் நன்றாக விற்கலாம். குணத்துக்கு ஒவ்வாத வழியில் இறங்கினால், சில வாரங்களிலேயே சலிப்புத் தட்டிவிடும்.

கலகலப்பாகப் பழகுவோர்

முன்பின் தெரியாதவரிடமும் முகம் மலர்ந்து பேசுபவர்களுக்கு நேரடிச் சில்லறை விற்பனை ஏற்றது. சாலையோரக் கடை, நெய்வேலி நகரியத்தின் குடியிருப்புகள், வடலூர் தைப்பூசம், சிதம்பரம் ஆனித் திருமஞ்சனம் போன்ற மக்கள் கூடும் இடங்கள் இவர்களுக்குக் கை கொடுக்கும். இரண்டு பருப்பைச் சுவை பார்க்கக் கொடுத்து விற்பது நல்ல பலன் தரும்.

இவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பேச்சு வேகத்தில் விலையைக் குறைப்பதும், கொசுறு அள்ளிப் போடுவதும் இவர்களுக்கு எளிதில் வரும். எனவே, இதற்குக் கீழே விற்பதில்லை என்ற விலையை வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே முடிவு செய்து கொள்ள வேண்டும். மாலையில் மீதியுள்ள சரக்கையும் கையிலுள்ள பணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதிகம் பேசாதோர்

இவர்களுக்காகத் தரம் பேச வேண்டும். முந்திரி வணிகத்தில் வெள்ளை முழுப் பருப்பை 180, 240, 320 என எண்ணிட்டுத் தரம் பிரிக்கின்றனர். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடையில் அதிக அளவாக எத்தனை பருப்பு நிற்கும் என்பதையே இந்த எண் குறிக்கிறது. எண் சிறிதாக இருந்தால் பருப்பு பெரிது, விலையும் அதிகம். இக்கணக்கின்படி, 320 தரத்தில் கால் கிலோவுக்குச் சுமார் 176 பருப்பும், 240 தரத்தில் சுமார் 132 பருப்பும் இருக்கலாம். அதற்கு மேல் போனால் தரம் குறைவு என்று பொருள். சந்தேகப்படும் வாடிக்கையாளர் எண்ணிப் பார்த்துக் கொள்ளட்டும். வாக்குவாதம் தேவையில்லை.

பெரும், சிறு பருப்பையும் உடைந்ததையும் ஒன்றாகக் கலந்து விற்றால், வாங்குபவர் மட்டமானதைப் பார்த்தே விலை சொல்வார். பிரித்து விற்றால் ஒவ்வொன்றுக்கும் உரிய விலை கிடைக்கும். பாதிப் பருப்பும் துண்டுப் பருப்பும் இனிப்புக் கடை, அடுமனை, உணவு விடுதிகளுக்குப் போதுமானவை. விலைச் சீட்டுடன் மாதிரிப் பொட்டலத்தையும் ஒருமுறை கொடுத்து, வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த அளவைத் தவறாமல் சேர்ப்பித்தால் போதும். நாள் தவறாமையே இவர்களுக்கு விளம்பரம்.

'இல்லை' என்று சொல்லத் தயங்குவோர்

இரக்க குணம் நல்லதுதான். ஆனால் கடன் விற்பனையில் அது முதலையே தின்றுவிடும். ஒரு கிலோ பருப்புக்கு அடக்க விலை 760 ரூபாய், விற்பனை விலை 800 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம். இலாபம் 40 ரூபாய். ஒரு கிலோவுக்கான பணம் வராமல் போனால், அந்த 760 ரூபாயை ஈடு செய்ய மேலும் 19 கிலோ விற்றாக வேண்டும். அந்த 19 கிலோவை உடைத்து உரித்த உழைப்பு வீணாகிறது.

இத்தகையோர் கடன் கேட்கும் வாய்ப்பே இல்லாத முறையை மேற்கொள்வது நல்லது. பணம் வந்த பின்பு பொட்டலத்தை அனுப்பும் தபால், கூரியர் விற்பனை இவர்களுக்கு ஏற்றது. கடையில் விற்பதானால், விலையைப் பலகையில் எழுதி வைத்து, பணம் வாங்கும் பொறுப்பை வீட்டில் கண்டிப்பான ஒருவரிடம் விட்டுவிட வேண்டும்.

தனியே இறங்கத் தயங்குவோர்

இவர்கள் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து செயல்படலாம். 1959ஆம் ஆண்டு மும்பையில் 7 பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இட்டு, அதை ஒரு கடைக்காரருக்குக் கொடுத்து விற்றனர். அதுவே பின்னாளில் 'லிஜ்ஜத்' என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது. குழுவில் எல்லோரும் விற்பனையாளராக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் தரம் பார்க்கலாம், ஒருவர் கணக்கு எழுதலாம், பேசக் கூடிய ஒருவர் கடைகளுக்குச் செல்லலாம். கணக்கை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்ட வேண்டும்.

எவருக்கும் பொதுவானவை

எக்குணத்தவரும் சில விதிகளைத் தளர்த்தக் கூடாது. பருப்பில் ஈரம் 5 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் ஆகாது. நன்கு காய்ந்த பருப்பு கடித்தால் மொறுமொறுவென ஒடியும். ஈரமுள்ள பருப்பு நமுத்து, பூஞ்சணம் பிடித்து, வாங்கியவரை இரண்டாம் முறை வரவிடாமல் செய்துவிடும். ஆற வைத்த பருப்பையே காற்றுப் புகாத பைகளில் அடைக்க வேண்டும். பொட்டலத்தில் நிகர எடை, விலை, அடைத்த தேதி, முகவரி ஆகியன தெளிவாக இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணையும் அச்சிட வேண்டும். எடைக் கருவிக்கு உரிய காலத்தில் முத்திரையிட்டுக் கொள்வது அவசியம்.

சோதித்துத் தேர்ந்தெடுத்தல்

வழக்கமான வியாபாரியை ஒரே நாளில் விட்டுவிட வேண்டாம். 20 கிலோ பருப்பில் 15 கிலோவை அவருக்கே கொடுத்து, 5 கிலோவை மட்டும் புதிய வழியில் விற்றுப் பார்க்கலாம். விற்ற அளவு, கிடைத்த விலை, பஸ் கட்டணம் உட்பட ஆன செலவு, செலவிட்ட நேரம், நிலுவை என ஐந்து பத்திகளில் மூன்று மாதம் எழுதி வர வேண்டும். கூடுதல் விலை கிடைத்தும், அதற்காக உடைப்பு வேலை கெட்டால் அந்த வழி இலாபகரமானது அல்ல. உடைப்பதே தமக்குக் கைவந்தது என்று உணர்பவர் மொத்த விற்பனையிலேயே இருக்கலாம். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. ஆனால், தரம் பிரித்து வைத்து, குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்ட பின்பே கொடுக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எந்தச் சுபாவமும் தடையாக இருக்கலாகாது.

முந்திரிச் சாகுபடி, பதப்படுத்துதல் தொடர்பான ஆலோசனைகளுக்கு விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.