கதவு நிலைக்கு எத்தனை கன அடி மரம்? எக்ஸெல் போடும் கணக்கு

வீடு கட்டும்போது செங்கல், சிமென்ட் கணக்கை நாமே போட்டுப் பார்த்துவிடுகிறோம். மரம் என்று வந்துவிட்டால் மட்டும் ஆசாரி சொல்வதை அப்படியே மரவாடியில் ஒப்பித்துவிடுகிறோம். தேக்கில் அரை கன அடி கூடினாலே பில் நன்றாக ஏறிவிடும். எக்ஸெல் தெரிந்தவர்கள் இந்தக் கணக்கைப் பத்தே நிமிடத்தில் போட்டுவிடலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம்.

அடிப்படைக் கணக்கு

மரத்தின் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் சொல்வார்கள். நீளத்தை அடியில் சொல்வார்கள். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். இரண்டு அளவுகள் அங்குலத்தில் இருப்பதால்தான் இந்த 144 (12 x 12).

புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்து ஏ முதல் எஃப் வரை பெயர், அகலம், கனம், நீளம், எண்ணிக்கை, கன அடி எனத் தலைப்பிடவும். எங்கள் வீட்டுக்கு ஒரு தலைவாசல் நிலை, மூன்று அறை நிலைகள் தேவைப்பட்டன. நான் கொடுத்த அளவுகள் இவை:

தலைவாசல் நிலைக்கால்: 5, 4, 7, 2
தலைவாசல் மேல், கீழ்ச் சட்டம்: 5, 4, 4, 2
அறை நிலைக்கால்: 4, 3, 7, 6
அறை மேல்சட்டம்: 4, 3, 3.5, 3

எஃப்2 செல்லில் =பி2*சி2*டி2*இ2/144 என அமைத்து (எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்திடவும்) என்டர் தட்டவும். பின் அதைக் கீழே இழுத்து விடவும். கூட்டுத்தொகை 7.43 கன அடி.

இங்கே ஓர் எச்சரிக்கை. 3 அடி 6 அங்குலத்தை 3.6 என்று டைப் செய்யக் கூடாது, அது 3.5. இன்னும் மோசம், 3 அடி 10 அங்குலம். 3.10 என்று கொடுத்தால் எக்ஸெல் அதை 3.1 ஆக எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது 3.83. எனவே =3+10/12 என்று கொடுத்துவிடுங்கள்.

ஆசாரி சொன்னது 9

எங்கள் ஆசாரி மனக்கணக்காகச் சொன்னது 9 கன அடி. ஒர்க்ஷீட் சொன்னதோ 7.43. ஒன்றரை கன அடிக்கு மேல் எங்கே போனது என்று அப்பாவுக்குச் சந்தேகம். எனவே விடுபட்டவற்றையும் ஷீட்டில் சேர்த்தேன்.

முதலாவது, இழைப்பு. இழைத்து முடித்த பின் 4 x 3 நிற்க வேண்டுமானால், அறுத்த மரம் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நாம் பணம் கொடுப்பது அறுத்த அளவுக்கு. அகலம், கனம் இரண்டிலும் கால் அங்குலம் கூட்டியதும் மொத்தம் 8.44 ஆனது.

இரண்டாவது, கிடைக்கும் நீளம். மூன்றரை அடித் துண்டு மரவாடியில் தனியாகக் கிடைக்காது. 8 அடிச் சட்டத்தை வாங்கி அறுக்கச் சொன்னார்கள். அதில் இரண்டு துண்டுகள்தான் தேறும். ஆக, மூன்று துண்டுகளுக்கு இரண்டு சட்டம். இதற்கு ஜி வரிசையில் கிடைக்கும் நீளத்தையும், எச்2 செல்லில் =ரவுண்ட்அப்(இ2/இன்ட்(ஜி2/டி2),0) என்ற பார்முலாவையும் தரவும். வாங்க வேண்டிய சட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும். எஃப் வரிசை பார்முலாவில் டி, இ ஆகியவற்றுக்குப் பதில் ஜி, எச் என மாற்றவும். மற்ற நீளங்கள் எங்களுக்கு அப்படியே கிடைத்தன. இப்போது மொத்தம் 8.97. ஆசாரியின் 9 சரிதான்!

ஒரு செல்லை மாற்றினால் லாபம்

அடுத்து, மேல்சட்டத்துக்கான ஜி செல்லில் 8-க்குப் பதில் 11 கொடுத்தேன். ஒரே சட்டத்தில் மூன்று துண்டுகளும் அடங்கி, மொத்தம் 8.49 ஆகக் குறைந்தது. மரவாடியில் 11 அடிச் சட்டம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டதில் கிட்டத்தட்ட அரை கன அடி மிச்சம். இதை ஆசாரியிடம் காட்டியபோது அவருக்கும் மகிழ்ச்சி.

ஜி செல்லில் தேவையைவிடக் குறைந்த நீளம் கொடுத்தால், பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழைச் செய்தி வரும். அந்த மரம் உதவாது என்பதே அதன் பொருள்.

மரவாடிக்குப் போகும்போது இந்த ஷீட்டைப் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். டேப் பிடித்து ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து அதில் குறியுங்கள். வண்டியில் ஏற்றும் முன் பில்லோடு ஒப்பிட்டு விடுங்கள். ஏற்றிய பிறகு எந்தக் கணக்கும் எடுபடாது.