எச்சரிக்கை புட்டியிலே! புட்டி பிள்ளை கையிலே!

மாலை மணி நாலு. பள்ளிக்கூடத்து மணி அடித்து ஓய்கிறது. வாயிற்கதவு திறந்ததும், மடை திறந்த வெள்ளம்போல் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். எதிரே பெட்டிக்கடை. கடலை மிட்டாயும் தேன் மிட்டாயும் சீசாக்களில் காத்துக் கிடக்கின்றன; சீந்துவாரில்லை! பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், புத்தகப் பை தோளை அழுத்த, இருபது ரூபாய்த் தாளை நீட்டுகிறான். கடைக்காரர் கேள்வி கேட்கவில்லை. குளிர்பெட்டியைத் திறக்கிறார், செக்கச் சிவந்த நீர் நிரம்பிய சிறு புட்டியை எடுத்துத் தருகிறார். கடகடவென்று குடிக்கிறான் பையன். காலிப் புட்டி சாக்கடையோரம் உருளுகிறது.

உருண்ட புட்டியை நாம் எடுத்துப் பார்த்தோம். முகப்பிலே மின்னலும் முழக்கமும்! ‘எனர்ஜி’ என்ற சொல் எட்டடி தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கிறது. பின்புறத்தைத் திருப்பினோம். பூதக்கண்ணாடி தேடும் அளவுக்குப் பொடி எழுத்து. அதிலே இருந்த செய்தி இது: குழந்தைகளுக்கு ஏற்றதல்ல, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல, காபீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஏற்றதல்ல, நாளொன்றுக்கு 500 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது.

இதை எழுதியது யார்? போட்டிக் கம்பெனிக்காரனா? பொறாமைக்காரனா? இல்லை, தோழர்களே! விற்கிறவனே எழுதியிருக்கிறான். இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் சட்டம் அவனை எழுத வைத்திருக்கிறது.

எனவே, “இந்தப் பானம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானதா?” என்று நாம் பட்டிமன்றம் கூட்டத் தேவையில்லை. பதில் புட்டியின் முதுகிலேயே இருக்கிறது. நாம் கேட்கும் கேள்வி வேறு. குழந்தைக்கு ஏற்றதல்ல என்று எழுதிய பிறகும், அது குழந்தையின் கைக்கு வந்தது எப்படி?

முதலில், அந்த எச்சரிக்கை எந்த மொழியில் பேசுகிறது என்று பாருங்கள். 2020-ம் ஆண்டின் உணவு லேபிள் விதி, புட்டி மேல் அச்சிட வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது. மற்ற மொழிகளையும் சேர்த்துப் போடலாம், தடையில்லை. ஆனால் போட்டே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை! பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளியின் மனைவி, மகன் கையிலிருக்கும் புட்டியை வாங்கிப் படித்தால் அவளுக்கு என்ன புரியும்? விளம்பரம் அழகு தமிழில் பாடுகிறது. தமிழ்த் திரையின் தாளத்துக்கு ஆடுகிறது. “குழந்தைக்கு வேண்டாம்” என்று சொல்லவேண்டிய இடத்திலே மட்டும் தமிழ் மறந்துபோகிறது! வாங்கச் சொல்ல நம் மொழி. வாங்காதே என்று சொல்ல அயல் மொழி! மொழிப் பிரச்சினை மேடையோடு முடிந்துவிடுகிற பிரச்சினை அல்ல, தோழர்களே. பிள்ளையின் தொண்டை வரையில் இறங்குகிற பிரச்சினை.

புட்டிக்குள்ளே என்னதான் இருக்கிறது? தண்ணீர், சர்க்கரை, சாயம், மணம், டாரின் என்றொரு பொருள், கொஞ்சம் வைட்டமின். இத்தனைக்கும் தலைவன் — காபீன். காப்பியிலும் தேயிலையிலும் இயற்கையாகவே உள்ள அதே காபீன். நம் நாட்டு விதிப்படி இத்தகைய பானத்தில் லிட்டருக்கு 145 மில்லி கிராமுக்குக் குறையாமலும், 300 மில்லி கிராமுக்கு மேற்படாமலும் காபீன் இருக்கலாம். உச்ச அளவை எடுத்துக்கொண்டால், 250 மில்லி புட்டி ஒன்றிலே 75 மில்லி கிராம்.

இனி ஒரு சிறு கணக்கு. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லி கிராம் வரை காபீன் கவலை தராது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் கூறிற்று. பிள்ளைகளுக்கு? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லி கிராம், அவ்வளவே! மூன்றாம் வகுப்புச் சிறுவன், எடை 25 கிலோ என்று வையுங்கள். அவன் எல்லை 75 மில்லி கிராம். ஒரே புட்டியில் அவன் எல்லைக்கல்லில் போய் நிற்கிறான்! அண்ணன்காரன், எடை 35 கிலோ. அவன் எல்லை 105. காலையில் ஒரு காப்பி, நண்பகலில் ஒரு கோலா, மாலையில் இந்தப் புட்டி — எல்லை எங்கே, இவன் எங்கே? இரண்டாவது புட்டியை உடைத்தானா, 150 ஆயிற்று. அது 50 கிலோ எடையுள்ளவனுக்கு உரிய எல்லை. பெரியவனுக்குத் தைத்த சட்டையைச் சிறுவனுக்கு மாட்டினால் தொளதொளக்கும், அவ்வளவுதான். பெரியவனுக்கு அளந்த காபீனைச் சிறுவனுக்கு ஊற்றினால்? நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வயிறு குமட்டும், தலை வலிக்கும், உறக்கம் ஓடிப்போகும்.

சர்க்கரைக் கணக்கும் உண்டு. 250 மில்லி டப்பாவிலே 27 கிராம் சர்க்கரை உள்ள வகைகள் இருக்கின்றன. தேக்கரண்டியால் அளந்தால் ஆறுக்கு மேல்! நம் வீட்டிலே ஒரு குவளைத் தேநீருக்கு ஆறு கரண்டி சர்க்கரை போட்டால், பாட்டி பக்கத்து வீடு வரை கேட்கும்படி திட்டமாட்டாளா?

“சக்தி தருகிறதே!” என்கிறார்கள். சக்தியா? ஆலைத் தோழர்களுக்குப் புரியும்படி சொல்லுகிறோம். கொதிகலனில் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள் உண்டு. அழுத்தம் ஏறினால் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். “நிறுத்து” என்று சொல்லும். ஒருவன் அந்த முள்ளைக் கயிற்றால் கட்டிவிட்டு, “பாருங்கள், அழுத்தமே இல்லை!” என்றால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? காபீன் செய்யும் வேலை அதுதான். உழைக்க உழைக்க, அடினோசின் என்ற பொருள் மூளையிலே சேர்ந்து, “களைத்துவிட்டாய், உறங்கு” என்று தட்டிச் சொல்லும். காபீன் வந்து அந்தக் கதவை அடைத்துக்கொள்கிறது. செய்தி உள்ளே போவதில்லை. களைப்பு தீரவில்லை, களைப்பு தெரியவில்லை, அவ்வளவுதான்!

அதுவும் சீக்கிரம் விலகுகிற விருந்தாளியல்ல. உடலுக்குள் போன காபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்தால், இரவு பதினோரு மணிக்கும் பாதிச் சரக்கு விழித்துக்கொண்டிருக்கும், பிள்ளையும் விழித்துக்கொண்டிருப்பான். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். தேர்வுக்காகக் கண் விழிக்க இதைக் குடிக்கிறான் மாணவன். படித்தது மனத்தில் பதிவதே உறக்கத்தில்தான்! உறக்கத்தை விற்றுப் பாடத்தை வாங்கப் போய், இரண்டையும் இழந்து நிற்கிறான்.

ஒரு புட்டி குடித்தவன் உடனே விழுந்துவிடுவான் என்று நாம் பயங்காட்டவில்லை. பல பிள்ளைகள் குடிக்கிறார்கள். மறுநாள் பள்ளிக்கும் வருகிறார்கள். உண்மையை மறைத்து ஊரை மிரட்டுவது நம் வேலையல்ல. ஆனால் நடந்ததையும் மறைக்கக்கூடாதல்லவா? 2017-ம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலே, பதினாறு வயது மாணவன் ஒருவன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பால் காப்பி, ஒரு பெரிய சோடா பானம், ஒரு எனர்ஜி பானம் மூன்றையும் குடித்தான், வகுப்பறையில் சாய்ந்தான், மீளவில்லை. மிகுதியான காபீனால் இதயத் துடிப்பு தடுமாறி இறந்தான் என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். அந்தப் பையனுக்கு இதய நோய் இருந்ததாகப் பிணப் பரிசோதனையில் தெரியவில்லை. அதே அமெரிக்காவில், எனர்ஜி பானம் தொடர்பாக அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள், எல்லா வயதினரும் சேர்ந்து, 2007-ல் 10,068. நான்கே ஆண்டுகளில், 2011-ல் 20,783. இது அந்நாட்டு அரசின் கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-லேயே, பிள்ளைகள் உணவில் இந்தப் பானத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது.

“காப்பியிலும் காபீன்தானே? டீயிலும் அதுதானே? உங்கள் தோழர்கள் டீ குடிக்கவில்லையா?” என்று கேட்பார்கள் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவோர். குடிக்கிறோம், ஐயா! நாம் தேநீருக்குப் பகைவரல்லர். ஆனால் சுடச்சுட இருக்கும் தேநீரை ஊதி ஊதி உறிஞ்சுகிறோம். கசப்பான டிகாக்‌ஷனைச் சிறுவன் தேடி ஓடுவதில்லை. இதுவோ, குளிரவைத்து, இனிப்பூட்டி, கசப்பை மறைத்து, ஒரே மூச்சில் உள்ளே போகும்படி செய்யப்பட்டது. தவிர, காப்பி விற்பவன் “இதைக் குடித்தால் வீரனாவாய்” என்று விளையாட்டுத் திடலில் வந்து நின்று விற்பதில்லை.

இந்தப் பானத்தின் பிறப்பையும் தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1970-களில் தாய்லாந்து நாட்டிலே, இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவனும் மூட்டை தூக்குகிறவனும் கண் அயராமலிருக்க வாங்கிக் குடித்த மலிவுச் சரக்கு அது. ஆஸ்திரிய நாட்டு வணிகர் ஒருவர் அதைக் கண்டார். அதை உருவாக்கிய தாய்லாந்துக்காரரோடு கூட்டுச் சேர்ந்தார். 1987-ல் ‘ரெட் புல்’ என்ற பெயரில் தம் நாட்டிலே விற்பனைக்கு விட்டார். பிறகு கார் பந்தயம், சாகசம், உலகெங்கும் விளம்பரம்! உழைப்பாளியின் களைப்பிலே பிறந்தது, களைப்பே அறியாத பருவத்துப் பிள்ளையின் புத்தகப் பையிலே வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்பனுக்கு ஓய்வு கொடுக்க மறுத்த உலகம், மகனுக்கு உறக்கத்தையும் கொடுக்க மறுக்கிறது!

அரசுக்கு இது தெரியாதா? தெரியும்! 2025 செப்டம்பர் 22 முதல், காபீன் கலந்த பானங்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 40 விழுக்காடு. தீய பழக்கப் பொருள்களுக்கும் ஆடம்பரப் பொருள்களுக்கும் என்று வகுத்த படியிலே வைத்துத்தான் வசூலிக்கிறது டில்லி. வரி வாங்கும்போது தீயது. விற்கும்போது மட்டும் மிட்டாயோ? 2003-ம் ஆண்டுச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவனுக்குச் சிகரெட் விற்காதே என்கிறது. கல்விக்கூடத்துக்கு 100 கஜத்துக்குள் விற்காதே என்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் மாணவருக்கு விற்கலாகாது என்று 2020-ல் ஒரு விதி வந்தது. ஐம்பத்தோராவது மீட்டரில்? அங்கே வயது கேட்க நாடு தழுவிய சட்டம் இல்லை!

மற்ற நாடுகள் கேட்கின்றன. லித்துவேனியா 2014-லும், லாத்வியா 2016-லும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கலாகாது என்று சட்டம் செய்தன. போலந்து 2024 சனவரி முதல் நாளிலிருந்து அதையே செய்தது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கும் திட்டத்தை இங்கிலாந்து 2025 செப்டம்பரில் வெளியிட்டது. அங்கே லிட்டருக்கு 150 மில்லி கிராமுக்கு மேல் காபீன் இருந்தாலே தடை வரம்புக்குள் வரும். இங்கே நம் விதி அனுமதிப்பதோ 300 வரை!

“பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?” என்று சுலபமாகச் சொல்லுகிறார்கள். காலை ஷிப்டுக்கு இருட்டோடு புறப்பட்டு, பிள்ளை உறங்கிய பிறகு வீடு திரும்பும் தகப்பன், எந்தக் கடை வாசலிலே காவல் நிற்பான்? கடைக்காரர் மீதும் நமக்குக் கோபமில்லை. குளிர்பெட்டி கம்பெனி கொடுத்தது. சரக்கு கேட்டு வருகிறவனுக்குக் கொடுக்கிறார். சட்டம் “வயது கேள்” என்றால் அவரும் கேட்பார். ஏழைத் தகப்பனையும் ஏழைக் கடைக்காரரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, கோடிகளைக் குவிக்கிறவன் பொடி எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். அந்த எழுத்து குழந்தையைக் காக்க எழுதியது. இன்று கம்பெனியைத்தான் காக்கிறது!

ஆகவே நாம் கேட்கிறோம். வயது வரம்பு சட்டத்திலே வேண்டும். எச்சரிக்கை புட்டியின் முகத்திலே, பெரிய எழுத்திலே, தமிழிலே வேண்டும். புகையிலைக்குப் போட்ட 100 கஜம் இதற்கும் வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்பதா? வேண்டாம். தோழர்களே, உங்கள் கிளையின் படிப்பகத்திலே ஒரு காலிப் புட்டியைக் கொண்டுவந்து வையுங்கள். ஆங்கிலம் தெரிந்த தம்பி ஒருவன் அதன் பின்புறத்தை உரக்கப் படித்துத் தமிழிலே சொல்லட்டும். அதைத் துண்டுத் தாளில் எழுதிப் பள்ளிக்கெதிரே உள்ள கடைக்காரரிடம், சண்டைக்கல்ல, அண்ணன் தம்பியாகப் பேசி, குளிர்பெட்டியின் கதவிலே ஒட்டுங்கள். பந்தாடிவிட்டு வரும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள், மோர் கொடுங்கள், பசித்தவனுக்கு வேர்க்கடலை கொடுங்கள். படித்துக் கண் சொருகுகிறவனைத் தட்டி எழுப்பாதீர்கள், உறங்க விடுங்கள்.

நாளை மாலையும் மணி நாலு அடிக்கும். அதே பையன் அதே இருபது ரூபாயோடு வருவான். “இது உனக்கில்லையடா, தம்பி!” என்று சொல்ல அங்கே ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் சட்டத்திலிருந்து வரும் நாள்வரை, நம்மிடமிருந்து வரட்டும்!